கமிட்டியில் தூங்கும் மசோதா

லுண்ட்வில்
14 ஜனவரி 1913

ஹால்வர்,

உன் கடிதம் வந்தது. எனக்கு முன்பே வேறு யாரோ அதைப் படித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். உறையின் வாயில் இரண்டு வகைப் பசை இருந்தது. ஒன்று உறையோடு வந்தது. இன்னொன்று மாவுப் பசை, தொட்டால் பிசுபிசுத்தது. பதினோரு வருடமாகப் பத்திரிகை நடத்துகிறேன். பசையைப் பற்றியாவது எனக்குத் தெரியாதா?

நம் போஸ்ட்மாஸ்டர் பெல்டனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது கட்சி. கட்சிக்குச் சாப்பாடு போடுவது ரயில் கம்பெனி. மற்றதை நீயே கூட்டிப் பார்த்துக்கொள். இனி எழுதும்போது நாலு பேர் நடுவில் நின்று பேசுவதாக நினைத்து எழுது.

ஆனால் உன் கடிதத்தில் ஒளிக்கிற மாதிரி எதுவும் இல்லை என்பதுதான் என் வருத்தம். சட்டசபையில் கணப்பு சரியாக எரியவில்லை, தங்கியிருக்கும் வீட்டுக்காரி சூப்பில் உப்பே போடுவதில்லை, சரக்குக் கட்டண மசோதா கீழவையில் நன்றாக நகர்கிறது. சரி. பெண்கள் ஓட்டு மசோதா என்ன ஆயிற்று? இரண்டு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தேர்தலின்போது நீ ஊர் ஊராகச் சொன்னவை இரண்டு. சரக்குக் கட்டணத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியம் வைக்க வேண்டும். பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று மாநிலத்து ஆண்களிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். இரண்டையும் எழுதிக் கொடுத்தவள் நான். குரல் மட்டும்தான் உன்னுடையது.

மேலவை அந்த மசோதாவை நிறைவேற்றிவிட்டது. நல்ல மனசால் இல்லை, கீழவையில் எப்படியும் செத்துவிடும் என்ற தைரியத்தில். இப்போது அது தேர்தல் கமிட்டியில் இருக்கிறது. கமிட்டித் தலைவர் ஹால்வர் நிகார்ட். அவர் எடுத்து வெளியே வைத்தால்தான் வாக்கெடுப்பு. அப்படியென்றால் அது எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது?

இன்னொன்று. நம் சர்ச்சைச் சேர்ந்த திருமதி லீ தலைநகருக்குப் போய் வந்தார். பெரிய ஹோட்டலில் கம்பெனி ஆள் கிட்ரிஜுடன் நீ உட்கார்ந்து சிப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாராம். "உங்க தம்பி நல்லா சிரிச்சுக்கிட்டிருந்தாரு" என்றார். நான் அவரிடம், "அவனுக்குச் சிப்பி பிடிக்காதே" என்று சொன்னேன். பிடிக்குமா?

சிக்ரிட்


தலைநகர்
20 ஜனவரி 1913

அக்கா,

லெட்டர் கிடைச்சுது. இந்த உறையை மெழுகு வச்சு மூடியிருக்கேன். உடைஞ்சிருந்தா சொல்லு.

சிப்பி சாப்பிட்டேன். ஆமா. முதல் தடவையா சாப்பிட்டேன், பிடிச்சுது. இதுக்கு மேல அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. கிட்ரிஜ் கூப்பிட்டான், போனேன். எதிராளி என்ன நினைக்கிறான்னு தெரிஞ்சுக்க வேணாமா? காசு நான்தான் குடுத்தேன், என் பங்குக்கு. அவன் சிரிச்சான். "சட்டசபை ஆளுங்களுக்கு ரயில்ல நாங்க குடுத்த இலவச பாஸை ஒழிச்ச மகராசன் நீங்க, உங்களுக்கு ஒரு சிப்பிகூட வாங்கிக் குடுக்க முடியலையே"ன்னான். அதுக்குத்தான் நானும் சிரிச்சேன். திருமதி லீ கண்ணாடி வழியா பார்த்தாங்களே தவிர கேக்கலையே.

அவன் கெட்டவன் மாதிரியே இல்ல அக்கா. அதுதான் பயமா இருக்கு. என் பொண்டாட்டி பேரு, பசங்க பேரு எல்லாம் தெரியுது. பெரிட்டுக்கு இருமல் சரியாச்சான்னு கேட்டான். பெரிட்டுக்கு இருமல்னு நான் இங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உனக்கு மட்டும்தான் எழுதினேன். அப்ப அவனுக்கு எப்படித் தெரியும்? பெல்டன்னு நீ சொல்லுவே. இருக்கலாம். ஆனா நீ உன் பெண்கள் சங்கக் கூட்டத்துல என் லெட்டரைச் சத்தமா படிக்கிற பழக்கம் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துல கம்பெனி வக்கீலோட பொண்டாட்டியும் உக்காந்து காபி குடிக்கிறா. கொஞ்சம் யோசி.

பெண்கள் மசோதாவுக்கு நேரம் வரும். இப்ப வெளியே எடுத்தா கட்டண மசோதாவுக்கு ஓட்டுப் போடற ஆளுங்க சிலபேர் மிரண்டு ஓடிடுவாங்க. ஒண்ணை முடிச்சிட்டு ஒண்ணு. ரெண்டு மாட்டையும் ஒரே நேரத்துல கறக்க முடியாது.

ஒரு நல்ல சேதி. வாஷிங்டனுக்குப் போற செனட்டரை இனிமே மக்களே நேரா தேர்ந்தெடுக்கறதுக்கான அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இங்க வெள்ளிக்கிழமை சம்மதம் குடுத்துட்டோம். கைதட்டல் அடங்கவே இல்ல. என் பக்கத்துல இருந்த கிழவர் ஒருத்தர் அழுதுட்டார். இருபது வருஷமா கம்பெனி கை காட்டின ஆளுக்கே இந்தச் சபை ஓட்டுப் போட்டு அனுப்பினதைப் பார்த்தவர். அதையும் உன் பத்திரிகையில போடு. என்மேல சந்தேகப்பட்டது போக இடம் மிச்சம் இருந்தா.

ஹால்வர்


லுண்ட்வில்
27 ஜனவரி 1913

ஹால்வர்,

மெழுகு உடையவில்லை. சூடான கத்தியை அடியில் விட்டு எடுத்து, மறுபடி ஒட்ட வைக்கலாம். அது எனக்குத் தெரிகிறது என்றால் பெல்டனுக்கும் தெரியும்.

சங்கக் கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்தது உண்மை. போன வருடம். நீ எழுதியவற்றில் படிக்கத் தகுந்தது அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் பண்ணைக்குப் போனேன். பெரிட் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். இருமல் குறைந்திருக்கிறது. "அவருகிட்டேயிருந்து லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்துச்சு அண்ணி. எல்லாம் பனியைப் பத்தித்தான். அங்க எவ்வளவு பனி, இங்க எவ்வளவு பனி. பனியைப் பத்தி இவ்வளவு எழுதற ஆளு வேற எதையோ மூடறாருன்னு தோணுது" என்றாள். உன் மனைவி அதிகம் பேசாதவள். பேசினால் இப்படி.

ஒரு செய்தி சொல்ல வேண்டும், உனக்கு மட்டும். விவசாயிகள் சங்கத் தலைவர் தோர்கில் சனிக்கிழமை நிர்வாகிகளை மட்டும் கூட்டிப் பேசினார். வாரியத்தை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்க வேண்டாம், கவர்னர் நியமித்தாலும் பரவாயில்லை என்று முடிவாகியிருக்கிறது. வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். கவர்னர் நியமித்தால் கம்பெனி ஒரே ஒரு ஆளைப் பிடித்தால் போதும் என்பது அவர்களுக்குப் புரியாதது போல. நீ இதை யாரிடமும் சொல்லாதே.

மசோதாவைப் பற்றிக் கேட்டேன். நீ மாட்டைப் பற்றிப் பதில் எழுதினாய்.

சிக்ரிட்


தலைநகர்
3 பிப்ரவரி 1913

அக்கா,

இந்த லெட்டரைத் தபால்ல போடல. ரயில் கார்டு எமில் கையில குடுத்திருக்கேன். அவன் நம்ம ஆளு. பதிலும் அவன் கையிலயே குடு.

உன் லெட்டர் வந்து மூணாம் நாள், படிக்கட்டுல கிட்ரிஜ் என்கூடவே இறங்கினான். "உங்க விவசாயிகள் சங்கமே கவர்னர் நியமனம் போதும்ங்குதாம், நீங்க மட்டும் ஏன் சார் கஷ்டப்படறீங்க?"ன்னு கேட்டான். நான் யார்கிட்டயும் மூச்சு விடல. சத்தியமா.

சரி, தோர்கிலையே கேட்டுடுவோம்னு ஆள் அனுப்பினேன். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "எந்தக் கூட்டம்? எந்த முடிவு? நான் சனிக்கிழமை முழுக்கக் கொட்டகையில மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கிட்டிருந்தேன். உங்க வீட்டுல யாருக்காவது மூளை கலங்கிடுச்சா?"ன்னு கேட்டிருக்கார்.

அப்படின்னா நீ பொய் எழுதியிருக்கே. ஏன்? உனக்கு யாரு அதைச் சொன்னது? இல்ல, நீயே கிளப்பி விட்டதா? நான் கட்டண மசோதாவைக் கைவிட்டுட்டு உன் மசோதாவை எடுக்கணும்னு இப்படியெல்லாம் பண்றியா? இந்த வாரம் நான் யாரை நம்பறதுன்னு தெரியாம சுத்தறேன். உன்னையும் அந்தக் கணக்குல சேர்க்க வேண்டியதாப் போச்சே.

ஹால்வர்


லுண்ட்வில்
7 பிப்ரவரி 1913

ஹால்வர்,

ஆம், பொய்தான். நானே உட்கார்ந்து யோசித்து எழுதியது. யாரும் சொல்லவில்லை. நம் கடிதத்தில் இருப்பது கிட்ரிஜ் காதுக்குப் போகிறதா என்று பார்க்க, அந்தக் கடிதத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றை எழுத வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது.

முன்கூட்டியே உனக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லவில்லை. ஏனென்றால் அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் திருட்டுத்தனமாகப் படித்தான். இன்னொருவன் நீ.

நீ மூச்சு விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நேற்று தபாலாபீசுக்குப் போய் பெல்டனிடம் நேராகவே கேட்டேன். அவன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"என் தபாலைப் பிரிக்கிறீங்களா?"

"மிஸ் நிகார்ட், அது ஜெயிலுக்குப் போற குத்தம்."

"அதனாலதான் கேக்கறேன்."

அப்போதுதான் நிமிர்ந்தான். "உங்க தம்பி என்ன நினைக்கிறாருன்னு தெரிஞ்சுக்க உறையைப் பிரிக்கணுமா என்ன? ஒரு கிளாஸ் பியர் வாங்கிக் குடுத்தா அவரே சொல்லப் போறாரு. உங்ககிட்ட சொல்லாததையும் சேர்த்து."

அவன் விஷம் கக்குகிறான் என்று தெரியும். தெரிந்தும் வீடு வரும்வரை அதே வாக்கியம் காதில் ஒலித்தது. என்னிடம் சொல்லாதது என்ன, ஹால்வர்?

நேராகவே கேட்கிறேன். பெண்கள் மசோதாவைக் கமிட்டியிலேயே தூங்க விடச் சொல்லி உன்னை யாராவது கேட்டார்களா? ஆம் என்றோ இல்லை என்றோ எழுது. மாடு வேண்டாம், பனி வேண்டாம்.

சிக்ரிட்


தலைநகர்
15 பிப்ரவரி 1913

அக்கா,

ஆமா. கேட்டாங்க.

ஒரு வாரமா இந்த லெட்டரை எழுதறதும் கிழிக்கிறதுமா இருக்கேன். இப்ப எழுதிடறேன்.

அந்தச் சிப்பிச் சாப்பாட்டன்னைக்கே கேட்டான். கட்டண மசோதா மேலவைக்குப் போகும். அங்க கம்பெனி ஆளுங்கதான் அதிகம், உனக்கே தெரியும். கிட்ரிஜ் கண்ணைக் காட்டினா அது அப்படியே நிறைவேறிடும். நியமனம் இல்ல, மக்கள் தேர்ந்தெடுக்கற வாரியம், ஒரு எழுத்துக்கூட மாறாம. பதிலுக்கு நான் ஒண்ணுமே செய்ய வேணாம். அதுதான் அவன் கேட்டது. ஒண்ணும் செய்யாம இருக்கணும். மார்ச் முதல் வாரத்துல கூட்டத்தொடர் முடியுது. அதுவரைக்கும் பெண்கள் மசோதா என் மேஜையில தூங்கணும்.

"பொம்பளைங்க ஓட்டுப் போட்டா கம்பெனிக்கு என்னய்யா கஷ்டம்?"னு கேட்டேன். "இப்ப ஒரு கவுண்ட்டியைப் பிடிக்கணும்னா எந்தெந்தச் சாராயக்கடைக்குப் போகணும்னு எங்களுக்குத் தெரியும். பொம்பளைங்களை எந்தக் கடையில போய்ப் பிடிக்கிறது? அதுவும் போக, அவங்க வந்தா முதல்ல சாராயக்கடை, அடுத்து சின்னப் பசங்க வேலை பாக்கற இடம், அதுக்கடுத்து நாங்கதான்"னான். ஒளிக்கவே இல்ல. அவன் அவ்வளவு நேர்மையாப் பேசறப்ப, நம்ம பக்கம் இருக்கறவங்க மழுப்பறது எனக்கே கேவலமா இருந்துச்சு.

நான் சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல.

திட்டறதுக்கு முன்னாடி கேளு. போன அறுவடைக்கு மினியாபொலிஸ் மில்லுக்குக் கோதுமை அனுப்பினதுல விலையில பாதி வண்டிக்கூலிக்கே போச்சு. நம்ம ரோட்டுல மட்டும் ரெண்டு வீடு பூட்டிக் கிடக்கு. ரூட் குடும்பம் கனடா போயிட்டாங்க. வீட்டைக்கூட விக்கல, சாவியை ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தக் குடும்பத்துப் பொம்பளைங்களுக்கு முதல்ல என்ன வேணும், ஓட்டா, வீடா? வாரியம் வந்துச்சுன்னா அடுத்த அறுவடைக்கே கூலி இறங்கும். உன் மசோதா அடுத்த கூட்டத்தொடர்ல வரட்டும். ரெண்டு வருஷம்தானே அக்கா.

இதை வேற யாருக்கும் என்னால எழுத முடியாது. உனக்கும் எழுதப் பயமாத்தான் இருக்கு. நீ ஒரு தடவை பொய் எழுதி என்னைச் சோதிச்சே. இப்ப நான் நிஜத்தை எழுதியிருக்கேன். இதை வச்சு நீ என்ன பண்ணப் போறேன்னு எனக்குத் தெரியல.

ஹால்வர்


லுண்ட்வில்
18 பிப்ரவரி 1913

ஹால்வர்,

ரெண்டு வருஷம்தானே என்கிறாய். எனக்கு நாற்பத்து நாலு வயது. என் கையால் அச்சடித்த வாக்குச்சீட்டுகளை இத்தனை வருடமாக அடுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக்கூட மடித்துப் பெட்டியில் போட்டதில்லை. கவுண்ட்டி அலுவலகம் அந்த அச்சு வேலையை எனக்குத்தான் கொடுக்கிறது, நான் தப்பில்லாமல் அச்சடிப்பேன் என்று.

ரூட் வீட்டம்மாவுக்கு ஓட்டா வீடா என்று கேட்டாய். அவளிடம் யாராவது கேட்டார்களா? கனடா போவது என்று முடிவு செய்தது அவள் கணவன். அவள் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவளைப் போன்றவர்களுக்கும் ஓட்டு இருந்திருந்தால் கட்டண வாரியம் பத்து வருடத்துக்கு முன்பே வந்திருக்கும். இரண்டும் ஒரே விஷயம் என்று நீதான் வண்டிமேல் நின்று பேசினாய். நான் எழுதிக் கொடுத்ததுதான், ஆனால் நீ மனசாரப் பேசுகிறாய் என்று நினைத்தேன்.

கிட்ரிஜ் வாக்குக் கொடுத்தான் என்கிறாய். உன் மசோதாவை எழுத்து மாறாமல் விடுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உன்னிடம் அவன் வெளிப்படையாகப் பேசியதா? வெளிப்படையாகப் பேசுவதும் ஒரு தூண்டில்தான். நானே ஒன்று போட்டவள்.

பத்திரிகை வியாழக்கிழமை வெளிவரும். முதல் பக்கத்தில் இது இருக்கும். கம்பெனி கேட்டதை எழுதியிருக்கிறேன். கமிட்டித் தலைவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை என்பதை, உன் வார்த்தைகளாலேயே எழுதியிருக்கிறேன். பெயரையும் போட்டிருக்கிறேன். "அவர் இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்குத் தம்பி" என்பதும் அதில் உண்டு. இல்லையென்றால் அது ஒளித்ததாக ஆகும்.

வேறு யாரோ சொல்லி நீ அறியக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். தடுக்க நேரம் கொடுப்பதற்காக இல்லை.

சிக்ரிட்


தலைநகர்
1 மார்ச் 1913

சிக்ரிட்,

அக்கான்னு எழுத வரல. பழகிக்கோ.

உன் பத்திரிகை வெள்ளிக்கிழமை காலையில இங்க வந்துச்சு. நான் பார்க்கறதுக்கு முன்னாடியே மெக்கேப் கையில இருந்துச்சு. பெண்கள் மசோதாவுக்குப் பரம எதிரி, கம்பெனியோட செல்லப்பிள்ளை. சபையில எந்திரிச்சு உன் முதல் பக்கத்தை முழுக்கப் படிச்சான். நிறுத்தி நிறுத்திப் படிச்சான். முடிச்சதும், "அவைத்தலைவர் அவர்களே, நான் ஒண்ணும் சொல்லல. இவரை இவரோட சொந்த அக்காவே நம்பல, அதை மட்டும் பதிவு பண்ணிக்கங்க"ன்னான். மேல பார்வையாளர் இடத்துல இருந்தவங்கெல்லாம் சிரிச்சாங்க. எங்க ஆளுங்களும் சிரிச்சாங்க, அதான் தாங்கல.

நான் எந்திரிச்சேன். மசோதாவைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தேன். "கமிட்டியிலிருந்து இதைச் சபைக்குக் கொண்டுவரேன், இன்னைக்கே வாக்கெடுப்பு வேணும்"னேன். குரல் எனக்கே கேக்கல. ஒரே அமளி. ஆனா உன் பத்திரிகை எல்லார் கையிலயும் இருந்துச்சு. அன்னைக்கு எதிர்த்து ஓட்டுப் போட்டவன் கம்பெனிகிட்ட கை நீட்டினவன்னு பேராயிடும்னு பலபேர் பயந்துட்டாங்க. மூணு ஓட்டு வித்தியாசத்துல நிறைவேறிடுச்சு. அடுத்த வருஷம் நவம்பர்ல பொது வாக்கெடுப்பு. உனக்கு வேண்டியது கிடைச்சுது.

கிட்ரிஜ் வெளியில தூண்கிட்ட நின்னுக்கிட்டிருந்தான். தொப்பியைத் தூக்கினான். "நல்லாப் பேசினீங்க, மிஸ்டர் நிகார்ட்"ன்னான். அடுத்த செவ்வாய்க்கிழமை மேலவையில கட்டண மசோதாவை எடுத்தாங்க. "மக்கள் தேர்ந்தெடுக்கும்" அப்படிங்கறதை அடிச்சுட்டு "கவர்னர் நியமிக்கும்"னு மாத்தினாங்க. நாலே நிமிஷம். மூணு பேரு வரப்போறாங்க. அதுல ரெண்டு பேரு யாருன்னு இப்பவே பேசிக்கிறாங்க. ஒருத்தன் கம்பெனியோட பழைய கணக்கன்.

நீ ஒண்ணு கேப்பே. அதனால நானே எழுதிடறேன். மசோதா எப்படிப் பையில இருந்துச்சு? புதன்கிழமையே எடுத்துப் பையில வச்சுக்கிட்டேன். உன் பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி. சபையில வைக்கலாம்னுதான் எடுத்தேன்னு முதல்ல எழுதினேன். அடிச்சுட்டேன். ஏன்னா புதன் வைக்கல, வியாழனும் வைக்கல. பையில கை விட்டுப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மெக்கேப் படிக்காம இருந்திருந்தா வெள்ளிக்கிழமை வச்சிருப்பேனா? உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியல. அதைத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு நாள் பாக்கி இருந்துச்சு. அதை நீ எடுத்துக்கிட்டே.

ஹால்வர்


லுண்ட்வில்
10 மார்ச் 1913

ஹால்வர்,

நீ சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கி, எங்கள் தெரு வழியாகப் போகாமல், சர்ச்சைச் சுற்றிப் பண்ணைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எட்டு மைல் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுவது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நேரில் வந்தால் கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை.

தோர்கில் அச்சகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "உன் தம்பி ஒழுங்கா ஒரு வியாபாரம் பேசி முடிக்கப் பார்த்தான். நீ கெடுத்தே. இந்த வருஷமும் வண்டிக்கூலி குறையாது. போய் ஓட்டுச்சீட்டைச் சமைச்சுச் சாப்பிடு" என்றார். கிட்ரிஜ் எப்படியும் ஏமாற்றியிருப்பான் என்றேன். "இருக்கலாம். அதைப் பார்க்கற வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கலையே" என்றார். நீ எழுதியதையேதான் அவரும் சொன்னார், வேறு வார்த்தையில். விவசாயிகள் சங்கத்தில் பாதிப் பேர் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று அந்தப் பக்கத்தை நான் அச்சுக் கோத்தபோது, மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கோத்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் "தம்பி" என்ற சொல்லுக்கு எழுத்துகளைப் பொறுக்கியபோது கொஞ்சம் திருப்திகூட இருந்தது. அது ஏன் என்று அதற்குப் பிறகு பலமுறை யோசித்துவிட்டேன்.

வாஷிங்டனில் ஆட்சி மாறியதால் பெல்டன் போகிறான். அடுத்து வருபவன் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் மைத்துனன். அவன் பசை வாங்கியிருக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

பெரிட்டிடம் கேட்டுச் சொல், நான் வரலாமா என்று.

சிக்ரிட்


ஹால்வர் பண்ணை
19 அக்டோபர் 1914

சிக்ரிட்,

ஒண்ணரை வருஷமா உன் லெட்டருக்குப் பதில் போடல. பெரிட் உன்னை வரச்சொன்னா, நீயும் வந்துட்டுத்தான் இருக்கே, நான் கொட்டகையில இருக்கற நேரமாப் பார்த்து. அது எனக்குத் தெரியும். ரொட்டி குறையுதே.

ஜூன்ல கட்சி வேட்பாளர் தேர்தல்ல தோத்துட்டேன். அதுவும் நாமளே போராடிக் கொண்டுவந்த முறைதான். முன்ன மாதிரி பின்கட்டுல அஞ்சு பேர் உக்காந்து ஆளைப் பொறுக்காம, மக்களே ஓட்டுப் போட்டுப் பொறுக்கட்டும்னு. மக்கள் பொறுக்கினாங்க. என்னை வேணாம்னுட்டாங்க. யாரையும் குறை சொல்ல முடியல, அதான் வருத்தம்.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, போன வாரம் பெண்கள் ஓட்டு வேண்டாங்கற கூட்டத்துக்காரங்க வந்தாங்க. மேடையேறிப் பேசச் சொன்னாங்க. "உங்களை நாசம் பண்ணினதே அந்த மசோதாதானே, அதைச் சொன்னா போதும்"னாங்க. துரத்திவிட்டேன்னு எழுத ஆசைதான். யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். பெரிட் பால் வாளியோட நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. அவங்க போனப்புறம், "இன்னும் எத்தனை நாளைக்கு அதைப் பையிலேயே வச்சிருப்பீங்க?"ன்னா. அவ்வளவுதான். உள்ள போயிட்டா.

நேத்துப் போய் வரமாட்டேன்னு சொல்லிட்டேன். உன் பக்கம் மேடைக்கும் வரமாட்டேன். என்னைப் பார்த்தா விவசாயிங்களுக்கு வண்டிக்கூலிதான் ஞாபகம் வரும். நீ தனியாப் பேசறதுதான் உனக்கு நல்லது. இதை நீ தப்பா எடுத்துக்குவேன்னு தெரியும். இருந்தாலும் அதான் நிஜம்.

ஹால்வர்


லுண்ட்வில்
6 நவம்பர் 1914

ஹால்வர்,

தோற்றுவிட்டோம். மாநிலம் முழுக்க. உனக்குத் தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடும் இடமான உன் ஊராட்சிப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை, சாலையில் நிற்க உண்டு. ஒவ்வொருவராகப் போனார்கள். எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். திரைக்குப் பின்னால் போனார்கள். வெளியே வந்து மறுபடியும் தொப்பியைத் தூக்கினார்கள். யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. அந்தத் திரையும் நாம் கேட்டு வாங்கியதுதான். முதலாளி பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது, யாருக்கும் பயப்படாமல் மனுஷன் ஓட்டுப் போட வேண்டும் என்று எத்தனை தலையங்கம் எழுதியிருக்கிறேன். அதைக் கிழித்துப் பார்க்க வேண்டும்போல எனக்கு வெறி வந்தது.

நீயும் வந்தாய். என்னைப் பார்த்தாய். தொப்பியைத் தூக்கவில்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்லவும் தோன்றியது.

உன் ஊராட்சிப் பெட்டியில் ஓட்டு வேண்டும் என்றது ஒன்பது பேர். வேண்டாம் என்றது அறுபதுக்கு மேல். வேறு எந்தப் பெட்டியின் கணக்கையும் நான் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. ஒன்பது பேரையும் மனசுக்குள் பெயர் சொல்லி எண்ணிப் பார்க்கிறேன். சில சமயம் உன்னோடு சேர்த்து ஒன்பது வருகிறது. சில சமயம் நீ இல்லாமலேயே ஒன்பது வந்துவிடுகிறது.

கேட்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். கேட்டுவிட்டேன், பார்.

சிக்ரிட்


ஹால்வர் பண்ணை
9 நவம்பர் 1914

அக்கா,

நேத்து சர்ச் வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருந்தோம். நம்ம பெட்டியில விழுந்த ஒன்பது ஓட்டுல தன்னோடதும் ஒண்ணுன்னு இதுவரைக்கும் எங்கிட்ட இருபது பேர் சொல்லிட்டாங்க. எல்லாம் அவங்கவங்க பொண்டாட்டி பக்கத்துல நிக்கறப்ப. தோர்கில்கூடச் சொன்னார், பூமியைப் பார்த்துக்கிட்டே. அவர் பொண்டாட்டி அவரையே பார்த்துக்கிட்டிருந்தா.

நான் சொன்னா இருபத்தொண்ணாவது ஆளா ஆயிடுவேன். அதனால சொல்லல. பெரிட்கிட்டயும் சொல்லல. அவளும் கேக்கல.

மசோதாவை மறுபடி எழுதணும். அடுத்த கூட்டத்தொடருக்கு வேற யாராவது எடுத்துட்டுப் போகட்டும். இந்தத் தடவை அதுல கமிட்டிங்கற வார்த்தையே வராத மாதிரி எழுதணும். எந்தெந்த விதியில மாட்டிக்கும்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. வியாழக்கிழமை உன் பத்திரிகை முடிஞ்சதும் வா. வரும்போது நான் வீட்டுக்குள்ளதான் இருப்பேன்.

உறையை ஒட்டல. யாரு வேணா படிச்சுக்கட்டும்.

ஹால்வர்